ஒற்றை விரல் உயரும்போது

"டீச்சர், ஒண்ணுக்கு..." என்று வகுப்பில் ஒரு விரல் உயர்ந்தால், யோசிக்காமலே என் வாயில் வரும் பதில் ஒன்று இருந்தது. "இப்பத்தானே இடைவேளை விட்டேன்? உட்காரு." இருபது ஆண்டுகளுக்கு மேல் இதைச் சொல்லியிருக்கிறேன். நான் படித்தபோது என் ஆசிரியர் என்னிடம் சொன்னதும் இதேதான். ஆசிரியர் பயிற்சியில் யாரும் இதைக் கற்றுத் தரவில்லை. ஆனால், அங்கே கற்ற பலவற்றையும்விட இது ஆழமாகப் பதிந்திருந்தது.

கூடலூரைச் சுற்றி மலை இருப்பதால் இங்கே எப்போதும் குளிர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மார்ச் மாதத்து மதியத்தில் எங்கள் வகுப்பறையில் வந்து உட்கார்ந்தால் தெரியும். அப்படியொரு மார்ச்சில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நான்கு நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் அவளுடைய அம்மா அழைத்து வந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். பிள்ளைக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று, காய்ச்சல் என்று சொன்னார்.

"மூணு மாசத்துல இது ரெண்டாவது தடவை டீச்சர். குடுத்துவிடுற தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருது. கேட்டா, தண்ணி குடிச்சா வெளிய போகணும், டீச்சர் விடமாட்டாங்கன்னு சொல்றா."

அவர் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்பது உறைக்க எனக்குச் சற்று நேரம் ஆனது. நான்கு நாள் கூலி போனதையும் அவர் சொல்லவில்லை. நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகுதான், ஏழு வயதுக் குழந்தையின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று படிக்கத் தொடங்கினேன். பெரியவர்களின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை தாங்கும். குழந்தைகளுக்கு மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்குவது. அதன்படி ஆறு வயதுக் குழந்தைக்கு 210 மில்லி. அதாவது ஒரு டம்ளர்! நம் உடம்பை வைத்து "அதற்குள்ளாகவா?" என்று கேட்பது, நம் சட்டையை அவர்களுக்குப் போட்டுவிட்டு ஏன் பொருந்தவில்லை என்று கேட்பது போலத்தான்.

இதை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. கூடலூர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மறந்தாலும் அணையின் நீர்மட்டம் மறக்காது. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், மழைக்காலத்தில் மட்டம் எத்தனை அடி என்பதும் வீட்டுத் திண்ணையிலும் டீக்கடையிலும் பேச்சாக ஓடும். 1895-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, எங்கள் வயல்களுக்கு இறங்குகிறது. ஆகவே கரும்பலகையில் ஓர் அணையும் ஒரு மதகும் வரைந்தேன்.

சிறுநீரகங்கள் இரவும் பகலும் துளித்துளியாகச் சிறுநீரை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பை விரிய விரிய அதன் சுவரிலுள்ள நரம்புகள் தண்டுவடத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. ஆற்றங்கரை மக்களுக்குக் கட்டங்கட்டமாக எச்சரிக்கை விடுவது போல, முதலில் மெல்லிய உணர்வு, பிறகு வலுத்த உணர்வு, கடைசியில் தாங்க முடியாத அவசரம். மதகு என்பது சுருக்குத்தசை. அதை நம் விருப்பப்படி இறுக்கிப் பிடிக்க முடியும். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

எப்போதோ ஒருநாள் அரைமணி நேரம் அடக்குவதால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் அடக்கும் குழந்தைக்குத்தான் சிக்கல். இறுக்கியே பழகிய தசைகளுக்கு, கழிப்பறையில் உட்கார்ந்த பிறகும் முழுதாகத் தளரத் தெரியாமல் போகிறது. பையில் கொஞ்சம் மிச்சம் தங்கிவிடுகிறது. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன. பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் நீளம் குறைந்தது என்பதால் கிருமி உள்ளே ஏறுவது எளிது. தண்ணீரும் குடிக்காவிட்டால் கிருமியைக் கழுவி வெளியேற்ற ஓட்டமும் இல்லை. மலச்சிக்கலும் பெரும்பாலும் கூடவே வரும். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி நிலைமையை இன்னும் மோசமாக்கும். அந்தச் சிறுமிக்கு நடந்தது இதுதான். அவள் அடம் பிடித்ததாக நான் நினைத்த நாட்களில் உண்மையில் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாத்தா இரண்டு போகம் நெல் நடுபவர். பிள்ளைகளை ஒருநாள் அவர் வயலுக்கு அழைத்துப் போயிருந்தோம். மடையைத் திறந்து காட்டியவரிடம் ஒரு பையன், "அடைச்சே வச்சா என்ன ஆகும் தாத்தா?" என்று கேட்டான். "வரப்பு ஒடையும். இல்ல, பயிரு அழுகும். தண்ணி போறதுக்கு ஒரு நேரம் இருக்குல்ல?" என்றார். நான் பக்கத்து வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பழக்கத்தை விடுவது படிப்பதைப் போல எளிதாக இல்லை. ஒருவனை விட்டால் எல்லோரும் கிளம்புவார்கள் என்பது நம் எல்லோருக்கும் உள்ள பயம். அது பொய்யான பயம் அல்ல. கதவருகே ஆணியில் இரண்டு மரக்கட்டைகளைத் தொங்கவிட்டு, "கேட்க வேண்டாம், கட்டையை எடுத்துக்கொண்டு போய்வரலாம்" என்று அறிவித்த முதல் வாரம், வகுப்பில் பாதிப் பேர் நடந்துகொண்டே இருந்தார்கள். ஒருவன் நாவல் மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாவது வாரத்தில் கட்டைகள் பெரும்பாலும் ஆணியிலேயே தொங்கின. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றானபின் போவதில் சுவாரசியம் இல்லை போலிருக்கிறது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். கட்டையை எடுத்துப் போன சில சிறுமிகள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. எங்களிடம் அது இருந்தது, இல்லாதது தாழ்ப்பாள்தான். அனுமதி மறுத்த காலத்தில் அது என் கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணியைக் கேரளப் பள்ளிகள் 2019-இல் தொடங்கின. 2025-இல் நம் மாநிலப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் குடிக்க மணி அடித்துவிட்டு, வெளியே போகக் கேட்டால் உட்காரச் சொன்னால், மணி இல்லாமலிருந்ததைவிட மோசம். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதையே கணக்குப் பாடமாக்கினோம். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஒரு டப்பாவில் புளியங்கொட்டை, வெளியே போய்வந்தால் இன்னொரு டப்பாவில். வெயில் நாட்களில் முதல் டப்பா நிறைந்தது. ஜூனில் மலையிலிருந்து சாரல் அடித்த நாட்களில் அது காலியாகக் கிடக்க, இரண்டாவது டப்பா நிறைந்தது. குறைவாகக் குடித்து அதிகம் போவது எப்படி என்று அவர்களே கேட்டார்கள். வியர்வையாக வெளியேறிய நீர் குளிர்நாளில் வெளியேற வழியில்லாமல் சிறுநீரகம் பக்கம் திரும்புகிறது என்பதை அவர்களே ஓரளவு ஊகித்தார்கள். இன்று எத்தனை முறை போவது சரி என்பதைக் கால அட்டவணையால் முடிவு செய்ய முடியாது என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கட்டையை அடிக்கடி எடுக்கும் குழந்தையைக் கடிந்துகொள்ளும் முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: எரிகிறதா, அடிவயிறு வலிக்கிறதா? கால்களைப் பின்னிக்கொண்டு உட்காருவது, குதிகால் மேல் அமர்ந்து நெளிவது, உள்ளாடை நனைவது, இவையெல்லாம் ஒழுங்கீனம் அல்ல. வீட்டில் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டிய அறிகுறிகள்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் அரை டம்ளர் காபியோடு கிளம்பி, மாலை வீடு திரும்பும்வரை தண்ணீர் தொடாத ஆசிரியைகள் நம்மில் எத்தனை பேர்? நானும் அப்படித்தான் இருந்தேன். என் உடம்பு சொன்னதையே கேட்காதவள், பிள்ளையின் விரலை எப்படிக் கவனித்திருப்பேன்? இப்போது என் மேசையிலும் ஒரு பாட்டில் இருக்கிறது. மதியத்துக்குள் அது காலியாகாவிட்டால், "டீச்சர், உங்க பாட்டில்!" என்று முதல் பெஞ்சிலிருந்து குரல் வரும். பாடம் முடியட்டும் என்று சொல்ல இன்னமும் வாயெடுக்கிறேன். அவர்கள் விடுவதில்லை.