எழுந்து நடக்கவில்லை... ஆனாலும் ஜெயித்தார்!

ஆனி, ஆடி பிறந்துவிட்டால் போதும்... சாரல் அடிக்கிறதா, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்துக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவோம். பேரருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒரு குளியல், தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலில் ஒரு கும்பிடு, ஊருக்குத் திரும்பும்போது கொஞ்சம் நேந்திரங்காய் சிப்ஸ். இதுதான் நமக்குத் தெரிந்த தென்காசி.

அடுத்த தடவை போகும்போது, தென்காசிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆயக்குடியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் பிரசித்தம். அதே ஊரில் இன்னொரு விஷயமும் பிரசித்தம். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன ஒரு மனிதர் கட்டி எழுப்பிய 'அமர் சேவா சங்கம்'!

அவர் பெயர் எஸ்.ராமகிருஷ்ணன். (எழுத்தாளர் அல்ல, இவர் வேறு!) 1975-ல் அவர் பொறியியல் கல்லூரியில் நான்காம் ஆண்டு மாணவர். கப்பற்படை அதிகாரியாக வேண்டும் என்று ஆசை. அந்த வருடம் ஜனவரி மாதம் பெங்களூரில் தேர்வு நடந்தது. ஓட்டம், தாண்டல், ஏறுதல் என்று உடம்பைப் பிழிந்தெடுக்கும் சோதனைகள். நல்ல ஆரோக்கியமான வாலிபர், கடைசிக் கட்டம் வரை வந்துவிட்டார். அந்தக் கடைசிக் கட்டத்தில் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டது. இரண்டு கைகள், இரண்டு கால்கள், நான்கிலும் செயல் இழப்பு.

கப்பற்படைச் சீருடை போட வேண்டியவர், புனே ராணுவ மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். அங்கே அவருக்குச் சிகிச்சை அளித்துத் தைரியமும் சொன்னவர், ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் என்ற டாக்டர். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக ஐ.நா. அறிவித்த 1981-ல் ஆயக்குடியில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். தன்னைத் தேற்றிய டாக்டரின் பெயரையே அதற்கு வைத்தார். 'அமர்' என்பது அந்த அமர்ஜித்தான்!

1992-ல் அவரோடு கைகோத்தார் எஸ்.சங்கரராமன். படிப்பால் ஆடிட்டர். தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் தசைச்சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். 'ரெண்டு பேருமே நாற்காலியை விட்டு எந்திரிக்க முடியாதவங்க... இவங்க என்னத்தைச் செய்யப் போறாங்க?' என்றுதான் யாருக்கும் தோன்றும். செய்தார்கள்! குழந்தைகளுக்குப் பள்ளி, சிறப்புப் பள்ளி, தொழிற்பயிற்சி, காலிப்பர் செய்யும் பட்டறை, தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மறுவாழ்வு மையம், கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளின் குறையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி தரும் திட்டம்... 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் எழுந்து நடக்கவில்லை. முறிந்த தண்டுவடம் முறிந்ததுதான். அப்படியானால் அவர் எதை ஜெயித்தார்?

தண்டுவடம் என்றால் என்ன?

மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். 'காலே, நட!' என்ற உத்தரவு இதன் வழியாகத்தான் கீழே போகிறது. 'கால் சுடுகிறது' என்ற தகவல் இதன் வழியாகத்தான் மேலே வருகிறது. கழுத்தில் அடிபட்டால் கை, கால் நான்கும் பாதிக்கும். நெஞ்சு, இடுப்புப் பகுதியில் அடிபட்டால் கால்கள் பாதிக்கும். கூடவே சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடும் போய்விடும்.

கற்றை முழுசாகப் பழுதாகாமல் கொஞ்சம் தப்பியிருந்தால், முதல் சில மாதங்களில் ஓரளவு முன்னேற்றம் வரும். முழுசாகவே போயிருந்தால் திரும்ப வளரச் செய்யும் வைத்தியம் இன்றைய தேதிவரை இல்லை. 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம்' என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது தண்டுவட முறிவுக்கு நிரூபணமான சிகிச்சை அல்ல. நகை நட்டை விற்று ஏமாறாதீர்கள்.

பக்கவாதம் வேறு. அது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பதாலோ வெடிப்பதாலோ வருவது. வாய் கோணுகிறதா, ஒரு கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா... உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 'காத்து பட்டிருக்கும், விடிஞ்சதும் பார்ப்போம்' என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தால், அந்த நேரம் திரும்ப வராது.

ஒலிம்பிக் நடந்த அதே நாளில்...

முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் முறிந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் சீக்கிரமே இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் படுக்கைப் புண்ணும், சிறுநீர்த் தொற்றும்தான். இந்தத் தலையெழுத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் டாக்டர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர். 1944-ல் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். நோயாளிகளைக் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்க வைத்தார். 'இரக்கம் வேண்டாம், வேலை கொடு' என்பது அவர் வழி. விளையாட்டையும் சிகிச்சையில் சேர்த்தார்.

1948 ஜூலை 29. லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். அந்த மருத்துவமனைப் புல்வெளியில், போரில் அடிபட்ட ஆண்களும் பெண்களுமாக 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக்கின் விதை அதுதான். 1960-ல் ரோம் நகரில் அது உலகப் போட்டியாகவே ஆகிவிட்டது.

நம் நாட்டுக்கு முதல் பாராலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தவர் முரளிகாந்த் பேட்கர். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து முடங்கினார். உடம்பைத் தேற்ற நீச்சலில் இறங்கியவர், 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார்.

நம் தமிழ்நாட்டுப் பெண் ப்ரீத்தி ஸ்ரீநிவாசனை மறக்க முடியுமா? 19 வயதுக்கு உட்பட்டோருக்கான தமிழக மகளிர் கிரிக்கெட் அணியின் கேப்டன். நீச்சலிலும் கெட்டிக்காரி. 1998-ல் புதுச்சேரிக் கடலில் நடந்த விபத்தில், 18 வயதில் கழுத்துக்குக் கீழே செயல் இழந்தது. பிற்பாடு அவர் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' என்ற அமைப்பைத் தொடங்கி, தன்னைப் போன்றவர்களுக்குக் கை கொடுத்தார்.

'அவங்கள்லாம் விளையாட்டு வீரங்க. எங்க வீட்டு மனுஷன் சாதாரண ஆள்தானே?' என்கிறீர்களா? சொல்கிறேன், கேளுங்கள்.

வருடத்துக்கு 4,380 தடவை!

அசைய முடியாதவரைப் படுக்கையில் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 12 தடவை. ஒரு வருடத்துக்கு 4,380 தடவை. ராத்திரியும் சேர்த்துத்தான்! ஒரே ஒரு ராத்திரி அசந்துவிட்டால் இடுப்பிலோ குதிகாலிலோ தோல் சிவக்கும். கவனிக்காவிட்டால் புண்ணாகி எலும்புவரை போகும். அவருக்கு வலி தெரியாது என்பதுதான் இதில் ஆபத்தே.

பல வாரம் படுத்தே இருந்தவரைத் திடீரென்று உட்கார வைத்தால், ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். அதனால் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பழக்குவார்கள். இன்றைக்கு 5 நிமிஷம், நாளைக்கு 10 நிமிஷம். மாரத்தான் ஓடுகிறவர் பயிற்சி எடுப்பதும் இப்படித்தானே! நேராக உட்கார்ந்து அரை மணி நேரம் சாப்பிடுவது அவருக்கு ஒரு பந்தயம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது இன்னொரு பந்தயம். கைதட்ட ஆள் இல்லை. ஆனாலும் தினமும் ஓட வேண்டும்.

ராமகிருஷ்ணன் போன்றவர்கள் ஜெயித்தது இந்தப் பந்தயத்தில்தான். 'என்றைக்கு நடப்பேன்?' என்று மட்டும் காத்திருந்தால் வருடங்கள் ஓடிவிடும். 'இன்றைக்கு எதைச் செய்ய முடியும்?' என்று கேட்கிறவருக்கு அன்றைக்கே ஒரு வெற்றி கிடைத்துவிடுகிறது.

சாமி காப்பாத்துமா?

குற்றாலத்து அருவித் தண்ணீர் மூலிகைகளில் பட்டு வருகிறது, குளித்தால் நரம்புக்கு நல்லது என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. கோயில்களில் நேர்த்திக்கடன் இருப்பவர்களும் உண்டு. அதைக் கேலி பேச நமக்கு உரிமை இல்லை. விடியற்காலை விளக்கேற்றி ஒரு நிமிஷம் கும்பிடும் தாய்க்கு, அடுத்த 2 மணி நேரத்தில் மகனைப் புரட்டிப் படுக்க வைக்கும் தெம்பு அதிலிருந்துதான் வருகிறது என்றால், அந்த நம்பிக்கையும் மருந்துதான்.

ஆனால் நம்பிக்கை, சிகிச்சைக்குத் துணையாக வரவேண்டும். சிகிச்சையைத் தள்ளிப்போட வைத்தால் அது மருந்து இல்லை. 'போன ஜென்மத்துப் பாவம்' என்று நோயாளியின் காதுபடப் பேசுவதும் நம்பிக்கை இல்லை, கொடுமை.

இன்னொன்று: உணர்ச்சி இல்லாத உடம்பைப் பாறைமேல் உட்காரவைத்து அருவியில் காட்டாதீர்கள். தோல் உரசிக் கிழிந்தாலும் தெரியாது, சறுக்கினாலும் பிடித்துக்கொள்ள முடியாது. கழுத்தில் அடிபட்டவர்களின் உடம்பு வெயிலையும் குளிரையும் சரியாகச் சமாளிக்காது. பக்கவாதம் வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் அருவியில் நிற்கக் கூடாது.

உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால்...

* மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 108 வரும்வரை அசைக்காமல் இருப்பதே நல்லது. வேறு வழியே இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலகையிலோ கதவிலோ ஏற்றுங்கள்.

* ஆழம் தெரியாத கிணற்றிலோ ஆற்றிலோ தலைகீழாகக் குதிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கழுத்து முறிய ஒரு நொடி போதும்.

* தினமும் காலையும் மாலையும் இடுப்பு, பிட்டம், குதிகால், முழங்கை இவற்றில் சிவப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் பாரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

* சக்கர நாற்காலியில் கால் மணி நேரம், அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். முடியாதவரை முன்பக்கமோ பக்கவாட்டிலோ சாய்த்துவிடுங்கள்.

* வெந்நீர்ப் பை, சூடான ஒத்தடம் வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

* நெஞ்சுக்கு மேல்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா பாருங்கள். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இது அவசர நிலை.

* பிசியோதெரபி கற்றுக்கொடுக்கும்போது வீட்டில் ஒருவர் மட்டுமல்ல, இரண்டு மூன்று பேர் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாப் பாரமும் ஒரே பெண்ணின் முதுகில் விழுந்தால், அடுத்து படுக்கப் போவது அவள்தான்.

அரசு உதவியையும் விடாதீர்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதே வருடம் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. முடங்கிக் கிடப்பவரிடம் தினமும் 'இன்னைக்குக் கால் ஏதும் அசையுதா?' என்று கேட்காதீர்கள். அசையவில்லை என்று சொல்லிச் சொல்லியே அவர் மனசு ஓய்ந்துவிடும். அதற்குப் பதில், 'இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்களேன்', 'பிள்ளைக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுங்களேன்' என்று ஒரு வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். உடம்பு கட்டிலில் இருந்தாலும், வீட்டுக்கு அவர் வேண்டியவர் என்று அவருக்கே தெரிய வேண்டும். எழுந்து உட்காரும் முதல் பலம் அங்கேதான் பிறக்கிறது!