ஐரோப்பாவை ரயிலில் சுற்றப் போறீங்களா? பாஸ் இருந்தாலே சீட் கிடைச்சிடாது!

புதுக்கோட்டையிலிருந்து நண்பர்கள் சேர்ந்து ஐரோப்பாவை ரயிலில் சுற்றத் திட்டமா? இந்தியர்கள் வாங்க வேண்டியது 'யூரெயில்' பாஸ். 'இன்டர்ரெயில்' ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். 12 முதல் 27 வயது வரை கட்டணச் சலுகை உண்டு.

சிக்கல் எங்கே?
டிஜிவி, யூரோஸ்டார் போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனிக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்யணும். பாஸ்காரர்களுக்கான இடங்களும் குறைவு. 10 பேர் கடைசி நேரத்தில் கேட்டால், ஒரே ரயிலில் போவது சந்தேகம்தான்.

முதலில் விசா!
அதிக நாள் தங்கும் நாட்டிடம் ஷெங்கன் விசா கேட்கணும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். லண்டனும் போனால் பிரிட்டன் விசா தனி.

குழுவாகப் போனாலும் விசா ஆளாளுக்குத் தனித்தனிதான். எல்லோருக்கும் அது கைக்கு வரும் முன், பணம் திரும்பாத டிக்கெட்டைப் புக் பண்ணாதீங்க!