கம்பெனியில் ஆட்களை மாற்றி அமைக்கும்போது…



நம்ம குழு உறுப்பினர்களின் பிள்ளைகள் பலர் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். ஒரு நாள் மகள் வந்து, "அம்மா, ஆட்களை மாத்தி அமைக்கப் போறாங்களாம்" என்றால் பதறிப் போகிறோம். அப்படியென்றால் என்ன?

சந்தையில் விற்கும் பொருள் மாறினால், அதைச் செய்யும் வேலையும் மாறும். எந்த வேலைக்கு எத்தனை பேர், யாருக்குப் பயிற்சி, யாரை வேறு பிரிவுக்கு அனுப்புவது, யாரை நிறுத்துவது என்று கம்பெனி புதுசாகக் கணக்குப் போடும். அதுதான் இது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைப் பாருங்கள். 2006-ல் செல்போன் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். பட்டன் போன் போய் தொடுதிரை போன் வந்ததும் நோக்கியாவின் விற்பனை சரிந்தது. 2014 ஏப்ரலில் அதன் போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறியது. வரி வழக்கால் இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. சார்ஜர் தயாரிக்க சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை வாங்குவதாக அறிவிப்பு வந்தது 2019-ல். கட்டடம் ஐந்து வருஷம் காத்திருக்கும். வீட்டுக் கடன் காத்திருக்குமா?

அதனால் முன்கூட்டியே கவனிக்க வேண்டியவை:

1. ஒரே வேலையோடு நிற்க வேண்டாம். செக்கிங், பேக்கிங், மெஷின் எனப் பக்கத்து வேலையையும் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். பயிற்சிச் சான்று வாங்கி வைக்கட்டும்.

2. விருப்ப ஓய்வு வேறு, ஆட்குறைப்பு வேறு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பும், வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் சட்டப்படி தரணும். விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டால், அதில் எழுதியுள்ள தொகைதான் பேச்சு. "எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்" என்று இருக்கக் கூடாது. படித்துப் பார்த்து, சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேட்ட பிறகு போடட்டும்.

3. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. பி.எஃப். எண், சம்பளச் சீட்டு, பணிச் சான்று மூன்றும் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும்.

4. மொத்தமாகப் பணம் வந்தால் முதலில் வட்டிக் கடனை அடைத்து, சில மாதச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள். நகையும் விசேஷமும் அப்புறம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.