சுரங்கத்திலிருந்து வந்த வழிகாட்டி

பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம் ஒரு காலத்தில் நிலக்கரிக்குப் பேர்போனது. கடைசிச் சுரங்கம் 1992-இல் மூடப்பட்டது. பூமிக்கடியில் தொழிலாளர்கள் வழி தவறாதிருக்க, சுரங்கப் பாதைகள் கூடும் சந்திகளுக்கு எண் இருந்தது. அங்கே பொறியாளராக இருந்த ஹியூகோ போலன், அதே யோசனையைச் சைக்கிள் பாதைகளுக்குப் பயன்படுத்தினார். 1995-இல் அது நடைமுறைக்கு வந்தது. போக வேண்டிய சந்தி எண்களைத் துண்டுச்சீட்டில் வரிசையாக எழுதிக்கொண்டால் போதும். சந்திக்குச் சந்தி, அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி வழிகாட்டும். கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து ஓட்டும் தொல்லை இல்லை! இந்தப் பாதைகளில் மாகாணத்தின் தெற்கே போனால், ஹாஸ்பென்கௌ வட்டாரத்தில், மேடும் சரிவுமான நிலத்தில் ஆப்பிள், பேரி, செர்ரித் தோப்புகள். ஏப்ரலில் அவை பூக்கும்போது, கார்கள் அதிகம் எட்டிப்பார்க்காத அந்தச் சிறு சாலைகளில் சைக்கிள்காரர்கள்தான் கூட்டம். நெதர்லாந்தும் பிறகு இந்த எண்முறையை எடுத்துக்கொண்டது.