உங்களுக்குத் தெரியுமா? விருந்தாளியை அழைக்கும் பண்ணை வீடுகள்

● இத்தாலியில் பண்ணை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடும் போடும் தொழிலுக்கு 'அக்ரிதுரிஸ்மோ' என்று பெயர். இதற்கென்றே 1985-ல் தனிச் சட்டம் வந்தது. 2006-ல் அதைப் புதுப்பித்தார்கள். விவசாயம் செய்பவர்தான் இதை நடத்தலாம். விருந்தாளிகளைக் கவனிக்கும் நேரத்தைவிட நிலத்தில் உழைக்கும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் ஏற்காத சிறு பண்ணைகளிடம் மட்டும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. மேசைக்கு வரும் ஒயின், ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டியில் பெரும்பங்கு சொந்த நிலத்திலோ அந்த வட்டாரத்திலோ விளைந்திருக்க வேண்டும். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு அறை கட்டி வாடகைக்கு விட்டால் அந்தப் பெயர் கிடைக்காது. எல்லா நாடுகளும் பின்பற்ற வேண்டிய சட்டம் இது.

● பிரான்சில் இந்த யோசனை இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்தது. கிராமத்து ஜனங்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். பாழடையும் பண்ணைக் கட்டடங்களைச் செப்பனிட்டு விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விட்டார்கள். 1951-ல் ஆல்ப்ஸ் பகுதியில் முதல் வீடு. 1955-ல் 'ஜீத் த ஃபிரான்ஸ்' அமைப்பு.

● பண்ணை வீட்டுக் காலைச் சாப்பாட்டின் நாயகன் முட்டைதான். அன்றைக்கு இட்ட முட்டையைக் கல்லில் உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு ஓடாமல் மஞ்சள்கருவைச் சுற்றிக் கெட்டியாக நிற்கும். நாளாக ஆக அது நீர்த்துவிடும். ஆனால் அதே புது முட்டையை வேகவைத்தால் உரிப்பது பெரும்பாடு. ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வரும். உள்ளே கரைந்திருக்கும் கரியமில வாயுதான் காரணம். ஓட்டின் நுண்துளைகள் வழியே அது சில நாட்களில் வெளியேறிய பிறகு சுலபமாக உரியும். எனவே பண்ணையில் ஆஃப்பாயில் கேளுங்கள், அவித்த முட்டை வேண்டாம்.

● இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பண்ணை வீடுகளைச் சுற்றி மேய்பவை ஹெர்ட்விக் செம்மறிகள். குட்டியாக இருக்கும்போது கருப்பு. வளர வளர சாம்பல் நிறமாகும், முகம் வெளுக்கும். மலைமேல் வேலி இல்லை. தங்கள் மந்தையின் எல்லை எதுவரை என்பதைக் குட்டிகள் தாயோடு மேய்ந்தே கற்றுக்கொள்கின்றன. 2001-ல் பிரிட்டனைக் கோமாரி தாக்கி, அது பரவாமல் தடுக்க 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டபோது, இந்த அறிவும் சேர்ந்து அழிந்துவிடுமோ என்றுதான் அங்குள்ள விவசாயிகள் பதறினார்கள். நடைபாதைகள் மூடப்பட்டு, தங்க வருவோரும் நின்றுபோன வருடம் அது. 'பீட்டர் ராபிட்' கதை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் இந்த ஆடுகளை வளர்த்தவர். 1943-ல் இறந்தபோது 14 பண்ணைகளை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச்சென்றார்.

● காசில்லாமலும் பண்ணையில் தங்கலாம். லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட் 1971-ல் தொடங்கிய 'வூஃப்' இயக்கத்தில், இயற்கைப் பண்ணையில் கைவேலை செய்தால் சாப்பாடும் படுக்கையும் இலவசம்.

● அமெரிக்காவில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டியே வளரும் ஆமிஷ் சமூகத்துக் குழந்தைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம். இயந்திரமயமான பெரும் பண்ணைகளை நடத்தும் ஹட்டரைட் சமூகத்தின் குழந்தைகளில் 21 சதவீதம். 2016-ல் வெளியான ஆய்வு இது. ஆனால் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தால் இந்தப் பலன் கிடைத்துவிடாது.

● கறந்த சூட்டோடு பால் தந்தாலும் காய்ச்சியே குடியுங்கள். ஸ்காட்லாந்தில் பதப்படுத்தாத பால் விற்பனைக்கு 1983 முதல் தடை.

● நம் பக்கத்திலேயே குடகு இருக்கிறது. அங்கே காபிப் பழம் பறிப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் அடுத்த சில நாட்களில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணக்கும். பண்ணை வீட்டுக்கு முன்பதிவு செய்யும்போது ஏசி உண்டா, வைஃபை உண்டா என்று கேட்பதற்கு முன்னால், 'இப்போ தோட்டத்துல என்ன வேலை நடக்குது?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்துக்குப் போகாதீர்கள்.