பஸ் சரியில்லைன்னா யாரைக் கேட்கணும்? பெங்களூரிலும் மும்பையிலும் கேட்டவர்களின் கதை

பெங்களூரில் வேலை பார்க்கிறவர் என்றால் இந்தக் கணக்கை நீங்களும் ஒரு நாள் போட்டிருப்பீர்கள்: பஸ் பாஸா, மெட்ரோ கார்டா, இல்லை பேசாமல் ஈஎம்ஐ-யில் ஒரு ஸ்கூட்டரா? 2025 தொடக்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசமானது. ஜனவரி 5 முதல் கர்நாடக அரசு பஸ்களில் கட்டணம் 15 சதவீதம் கூடியது. அடுத்த மாதமே, பிப்ரவரி 9 முதல், மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்குப் போனது. சில தூரங்களுக்கு டிக்கெட் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பயணிகள் கொதித்ததும் ஒரு வாரத்துக்குள் சில கட்டணங்களைக் கொஞ்சம் இறக்கினார்கள். 90 ரூபாய் மட்டும் இறங்கவே இல்லை.

சரி, இதை யார் முடிவு பண்ணினாங்க? மாநில அரசைக் கேட்டால் மத்திய அரசு அமைத்த குழு என்றார்கள். எதிர்க்கட்சியைக் கேட்டால் மாநில அரசு என்றார்கள். இரண்டிலுமே கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல்.

கட்டணக் குழு என்றால் என்ன?

2002-ல் வந்த மெட்ரோ ரயில்வே (இயக்கம் மற்றும் பராமரிப்பு) சட்டப்படி, கட்டணத்தை மாற்ற மத்திய அரசு ஒரு கட்டண நிர்ணயக் குழுவை அமைக்கும். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ அதற்குத் தலைவர். மத்திய அரசு ஒருவரையும் மாநில அரசு ஒருவரையும் உறுப்பினராக நியமிக்கும். குழு சொல்வதை மெட்ரோ நிர்வாகம் ஏற்றே ஆக வேண்டும். பரிந்துரை என்று பெயர் இருந்தாலும் அது கட்டளைதான்.

ஆக, கட்டணம் உயர்ந்த பிறகு மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நின்று கோஷம் போட்டால், எதிரே நிற்கும் அதிகாரிக்கு அதைக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. கேட்க வேண்டிய நேரம் அதற்கு முன்பே வந்து போய்விட்டது. 2024 அக்டோபரில் பொதுமக்கள் கருத்து கேட்டு ஓர் அறிவிப்பு வெளியானது. நாளிதழின் ஓரத்தில் வரும் அந்த மாதிரி அறிவிப்பை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

அதைவிடக் கோபப்பட வேண்டிய விஷயம் வேறு. கட்டணத்தை உயர்த்தச் சொன்ன அந்த அறிக்கையே மாதக்கணக்கில் வெளிவரவில்லை. எந்தச் செலவு கூடியது, எந்தக் கணக்கில் இந்தத் தொகைக்கு வந்தார்கள் என்று தெரியாமலே பயணிகள் காசு கொடுத்தார்கள். பயணிகள் கேட்டார்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள், கடைசியில் தெற்கு பெங்களூரு எம்.பி. தேஜஸ்வி சூர்யா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 செப்டம்பரில்தான் அறிக்கை பொதுவெளிக்கு வந்தது. கட்டணம் குறையவில்லை. ஆனால், அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதங்கள் ‘அநியாயம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கவில்லை. அறிக்கையின் கணக்குகளைப் பிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்டால், அந்த ஆண்டு நடந்த எல்லாப் போராட்டங்களிலும் உருப்படியான கோரிக்கை ‘அறிக்கையைக் காட்டு’ என்பதுதான்.

பேடா, பேக்கு

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 2016-ல், விமான நிலையம் போகும் வழியில் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை 6.7 கிலோமீட்டருக்கு இரும்பு மேம்பாலம் கட்ட மாநில அரசு திட்டமிட்டது. செலவு 1,791 கோடி ரூபாய். வெட்டப்படவிருந்த மரங்கள் 812. அந்த அக்டோபர் 16-ம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆயிரக்கணக்கானோர் சாலையோரம் கைகோத்து நின்றார்கள். ‘ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா’ என்பது முழக்கம். பேடா என்றால் வேண்டாம். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஐந்து மாதக் கதை.

மேம்பாலம் வேண்டாம் என்றால், வேறு என்னதான் வேணும்? அதே குடிமக்கள் குழு கொஞ்ச நாளில் ‘சுக்கு புக்கு பேக்கு’ என்று இன்னொரு பிரசாரத்தைத் தொடங்கியது. (தமிழ்க் காதுக்கு ‘பேக்கு’ வேற மாதிரி கேட்கும். கன்னடத்தில் ‘வேணும்’ என்று பொருள்.) சென்னைக்காரர்கள் மாம்பலத்திலும் தாம்பரத்திலும் ஏறி இறங்குகிற மாதிரி ஒரு புறநகர் ரயில் பெங்களூருக்கும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. தண்டவாளம் ஏற்கெனவே ஊருக்குள் ஓடுகிறது, ரயில்தான் போதாது. கேட்டதில் நியாயம் இருந்ததை எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்டன. 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. 2020 அக்டோபரில் 148 கிலோமீட்டர், நான்கு தடங்கள், 15,767 கோடி ரூபாய் என்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2022 ஜூனில் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

2025 முடிந்தபோதும் அந்த நான்கு தடங்களில் ஒன்றில்கூட ரயில் ஓடவில்லை.

இதை வைத்து அந்தப் பிரசாரம் தோற்றது என்று சொல்லிவிட முடியாது. ‘வேண்டாம்’ என்பதை நிறைவேற்ற ஒரு அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ‘வேணும்’ என்பதற்கு நிலம், டெண்டர், ரயில்வேயின் சம்மதம், ஒப்பந்ததாரர், அதிகாரி மாறுதல் எல்லாம் ஒரே திசையில் போக வேண்டும், அதுவும் பத்து வருஷம். கைகோத்து நிற்கும் கூட்டம் அத்தனை வருஷம் சேர்ந்து இருக்காது. பாதிப் பேர் அதற்குள் புனேக்கோ ஹைதராபாத்துக்கோ வேலை மாறியிருப்பார்கள்.

கிடைத்ததையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. 2019 அக்டோபரில் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் பக்கம் வரை பஸ்ஸுக்குத் தனி லேன் போட்டார்கள். மஞ்சள் கம்பங்கள் நட்டு, கார்களை வெளியே நிறுத்தி, பஸ் மட்டும் போனது. கொரோனா வந்தது, பிறகு அதே சாலையில் மெட்ரோ வேலை தொடங்கியது, கம்பங்களைக் கழற்றினார்கள். லேன் காணாமல் போனபோது யாரும் கைகோத்து நிற்கவில்லை.

இலவச டிக்கெட்டும் உங்க ஆதார் முகவரியும்

ஐடி ஊழியர்கள் மேம்பாலத்தைப் பற்றிப் பேசும்போது, பெங்களூரு பஸ் பிரயாணிகர வேதிகே என்ற பயணிகள் அமைப்பு பல ஆண்டுகளாக வேறொன்றைச் சொல்லி வந்தது. கார்மென்ட்ஸ் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு பஸ் கட்டணம் என்பது சம்பளத்திலிருந்து நேரே வெட்டப்படும் தொகை. கட்டணம் ஏறினால் அவர்கள் ஸ்கூட்டர் வாங்க மாட்டார்கள், நடப்பார்கள்.

2023 ஜூன் 11-ல் ‘சக்தி’ திட்டம் வந்து, பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்கள் இலவசமாகின. இதில் உங்களுக்கு ஒரு சின்ன விஷயம். இது கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கான திட்டம்; அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். ஆதாரில் இன்னும் மதுரை முகவரி வைத்திருக்கும் தோழிகள் எலக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் திட்டத்தில் கண்டக்டர் அட்டை கேட்பதில்லை.

சுத்தமான பஸ், ஆனால் யாருடைய பஸ்?

டெல்லியில் டீசல் புகையைக் குறைத்த கதை நீதிமன்றத்தில் நடந்தது. எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில், 1998 ஜூலை 28-ல் உச்ச நீதிமன்றம் நகர பஸ்கள் எல்லாம் சிஎன்ஜி-க்கு மாற வேண்டும் என்றது. 2001 மார்ச் வரை கெடு. வெளியே அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் விடாமல் புள்ளிவிவரங்களோடு பேசிக்கொண்டே இருந்தது. கெடு தாண்டியது, காஸ் நிரப்ப பஸ்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன, ஜனங்கள் ஸ்டாப்பில் தவித்தார்கள். 2002 கடைசியில்தான் மாற்றம் முடிந்தது.

இன்று எல்லோரும் கேட்பது எலக்ட்ரிக் பஸ். இங்கேதான் மும்பையைக் கவனிக்க வேண்டும். மும்பைக்காரர்களுக்கு பெஸ்ட் பஸ் ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி. 2019-ல் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயாகக் குறைத்தார்கள். ஜனங்கள் திரும்பி வந்தார்கள். அதே நேரத்தில் புது பஸ்களை வாங்காமல், தனியாரிடமிருந்து ‘வெட் லீஸ்’ முறையில் எடுக்கத் தொடங்கினார்கள். அதாவது பஸ், டிரைவர், பராமரிப்பு எல்லாம் தனியாருடையது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெஸ்ட் பணம் கொடுக்கும். சொந்த பஸ் எண்ணிக்கை 3,337-க்குக் கீழே போகாது என்று தொழிற்சங்கத்தோடு 2019-ல் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 2025-ல் சொந்த பஸ்கள் சில நூறுதான். அந்த ஆண்டு மே மாதம் குறைந்தபட்சக் கட்டணமும் 10 ரூபாயாகிவிட்டது.

இந்த முறையில் சிக்கல் எங்கே வரும்? கட்டுப்படியாகவில்லை என்று சில ஒப்பந்ததாரர்கள் நடுவிலேயே விலகினார்கள். 2023 ஆகஸ்டில் ஒப்பந்த டிரைவர்கள் சம்பளம் கேட்டு நாள்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முதலாளி பெஸ்ட் இல்லை, ஆனால் ஸ்டாப்பில் நின்றவர்கள் திட்டியது பெஸ்ட்டை. 2024 டிசம்பர் 9 இரவு குர்லாவில் ஓர் எலக்ட்ரிக் பஸ் கட்டுப்பாடிழந்து கூட்டத்தில் புகுந்தது. குறைந்தது 7 பேர் இறந்தார்கள். அந்த 12 மீட்டர் பஸ்ஸை ஓட்ட டிரைவருக்குக் கிடைத்த பயிற்சி சில நாட்கள் மட்டுமே என்று அப்போது செய்திகள் வந்தன. ‘ஆம்ச்சி மும்பை ஆம்ச்சி பெஸ்ட்’ என்ற குடிமக்கள் அமைப்பு பல வருஷமாகச் சொல்லி வந்தது இதைத்தான்: பஸ்ஸை எண்ணாதீர்கள், ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

இது பெங்களூரு வாசகருக்கு வெறும் மும்பைச் செய்தி இல்லை. மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பெங்களூருக்கு மட்டும் சுமார் 4,500 எலக்ட்ரிக் பஸ்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவையும் கிலோமீட்டர் கணக்கு ஒப்பந்தத்தில்தான் வரும். டிரைவருக்கு எத்தனை நாள் பயிற்சி, எத்தனை மணி நேர ஷிப்ட், பஸ் பிரேக்டவுன் ஆனால் அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் டெண்டர் ஆவணத்தில் எழுதப்படும். புகை வராத பஸ் என்பதற்காக மற்றதைக் கேட்காமல் விட்டுவிட முடியாது.

பஸ்ஸுக்கு வெளியே

பஸ் நன்றாக இருந்தும், ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் உள்ள 600 மீட்டர் பயமாக இருந்தால் ராத்திரி யாரும் பஸ்ஸில் வர மாட்டார்கள். டெல்லியில் ஜாகோரி என்ற பெண்கள் அமைப்பு இதைத் தெருத்தெருவாக நடந்தே கணக்கெடுத்தது: விளக்கு எரிகிறதா, நடைபாதை இருக்கிறதா, சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்களா, பெண்கள் கண்ணில் படுகிறார்களா. 2012 டிசம்பர் சம்பவத்துக்குப் பிறகு, 2013-ல் வந்த சேஃப்டிபின் செயலி இதே கேள்விகளை போனுக்குக் கொண்டுவந்தது. கார்களில் கேமரா பொருத்தி டெல்லி சாலைகளைப் படமெடுத்து, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இருட்டு இடங்களைப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலைக் கையில் கொடுத்ததும் விளக்குகள் போடப்பட்டன. ‘டெல்லி பாதுகாப்பாக இல்லை’ என்று மனு கொடுத்தால் எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. ‘இந்தத் தெரு, இந்தக் கம்பம்’ என்றால் லைன்மேனை அனுப்பலாம்.

சென்னையிலும் சக்கர நாற்காலியில் போகிறவர்கள் ஏற முடியாத பஸ்களை வாங்கக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கையில் இருந்தது. 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின.

நீங்க கேட்கணும்னா?

முதலில் யாரிடம் என்பது. பெங்களூரில் பஸ்ஸும் ரூட்டும் நேரமும் பிஎம்டிசி. மெட்ரோ, மத்திய மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். உடைந்த நடைபாதைக்கும் எரியாத தெருவிளக்குக்கும் மாநகராட்சி. அதுவும் 2025 செப்டம்பரிலிருந்து ஒன்று இல்லை, ஐந்து. பஸ் லேனில் கார் ஏறினால் டிராஃபிக் போலீஸ். இவர்களையெல்லாம் ஒரே மேஜையில் உட்காரவைக்க 2022-ல் பெருநகர நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குச் சட்டம் போட்டார்கள். எக்ஸ் தளத்தில் எல்லோரையும் டேக் செய்தால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். அவரவர் வேலையைப் பிரித்து, தனித்தனியாக எழுதுங்கள்.

அடுத்து, எதைக் கேட்பது. ‘பஸ் வரலை’ என்பதைவிட, உங்கள் ரூட்டில் தினமும் எத்தனை ட்ரிப் என்று அட்டவணை சொல்கிறது, போன மாதம் எத்தனை ஓடியது, ஓடாததற்கு என்ன காரணம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஒப்பந்த நகலையும் கேட்கலாம். ஆபீஸில் ஒரே ரூட்டில் வருகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வாரம் பஸ் வந்த நேரத்தைக் குறித்து வைத்தால், வருகிற பதிலோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடமும் ஒரு கணக்கு இருக்கும். மெட்ரோவுக்கு அடுத்த கட்டணக் குழு அமைந்து கருத்து கேட்கும் அறிவிப்பு வந்தால், அதில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அதைக் காலண்டரில் போட்டு வையுங்கள்.