எந்த ஏரிக்கு எந்த வள்ளம்?

ஏப்ரல் பிறந்து பனிக்கட்டி உடையத் தொடங்கியதும் ஒன்ராறியோவின் சிற்றூர்ச் சாலைகளில் ஒரு காட்சி வழமையாகிவிடும். வீட்டு முற்றத்தில் ட்ரெய்லர் மேல் ஓர் அலுமினியப் படகு. அதன் அணியத்தில் ‘விற்பனைக்கு’ என்று எழுதிய அட்டை. ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் வார இறுதியில் தூண்டிலோடு வடக்கே போகிற நம்மவர்கள் பலர், சில காலம் கரையில் நின்று வீசிப் பார்த்தபிறகு இந்த அட்டைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வகைதான் எட்டும். ஒன்று, 14 அடி நீளத் தட்டையடிப் படகு. ஜொன் படகு என்பார்கள். மற்றது அதே 14 அடியில் அணியம் உயர்ந்து, அடிப்பாகம் வி வடிவில் கூர்ந்த படகு.

வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி மோட்டார் எத்தனை குதிரைவலு என்பதாக இருக்கும். அடுத்தது, மீன் காட்டும் கருவி சேர்த்துத் தருவார்களா என்பது. எந்த ஏரியில் இறக்கப்போகிறோம் என்பதை அவர் இன்னும் யோசித்திருக்கமாட்டார். படகின் விலையைவிடப் பெரிய கேள்வி அதுதான்.

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே இருக்கும் ஸ்கூகொக் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1830களில் லின்ட்சேயில் வில்லியம் பேர்டி என்பவர் தன் ஆலைக்காக ஆற்றை மறித்து அணை கட்டினார். நீர் தேங்கிப் பின்னோக்கிப் பரவி, சதுப்பாகக் கிடந்த நிலத்தையெல்லாம் மூடியது. இன்றைக்கும் அந்த ஏரியின் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. எங்கு பார்த்தாலும் நீர்ப்பாசி. அந்தப் பாசியின் ஓரத்தில்தான் பாஸ் மீன் பதுங்கியிருக்கும். இந்த ஏரிக்குத் தட்டையடிப் படகு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆறேழு அங்குலத் தண்ணீரே அதற்குப் போதும். எழுந்து நின்று வீசினாலும் ஒரு பக்கமாகச் சாயாது. எடை பலவற்றில் நூறு கிலோவுக்குள் அடங்கும். சிறிய மோட்டாரே இழுத்துவிடும். 1436 என்று ஒரு ஜொன் படகைச் சொன்னால், நீளம் 14 அடி, அடித்தட்டின் அகலம் 36 அங்குலம் என்று பொருள். 1448 என்றால் அடித்தட்டு 48 அங்குலம். தட்டையடிதான் வேண்டுமென்றால் 48-ஐ எடுங்கள். அந்த ஓரடி அகலம் இரண்டு பேர் ஒரே பக்கம் திரும்பும்போது தெரியும்.

இப்போது அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய சிம்கோ ஏரிக்கு வாருங்கள். 722 சதுர கிலோமீற்றர் பரப்பு. சுமார் 30 கிலோமீற்றர் நீளம், 25 கிலோமீற்றர் அகலம், ஆழமான இடத்தில் 40 மீற்றருக்கு மேல். காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பேர்ச் மீன் கூட்டமாகக் கொத்தும். மதியம் மேற்கிலிருந்து காற்று எழும்பினால் அதைத் தடுக்க நடுவில் எதுவும் கிடையாது. வெட்டவெளியில் காற்று ஓடுகிற தூரம் கூடக்கூட அலை உயரும். ஒரு மணித்தியாலத்துக்குள் வெள்ளை நுரை தலைகாட்டிவிடும்.

அந்த நேரத்தில் தட்டையடிப் படகில் இருப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அலையைப் பிளக்க அதன் அடியில் கூர் இல்லை. ஒவ்வொரு அலையும் தகரத்தில் அறைவதுபோல் அறையும். முதுகெலும்பு வரை ஏறும். அணியம் தாழ்ந்து சதுரமாக இருப்பதால், அலை சற்றே உயர்ந்தால் உள்ளே வந்து விழும். உள்ளே வந்த தண்ணீர் சமதளத்தில் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். அமைதியான நீரில் ஆடாமல் நின்ற அதே அகன்ற அடி, அலையில் அலையோடு சேர்ந்து சரியும்.

வி வடிவப் படகு ஏறியதும் கொஞ்சம் ஆடும். முதல்முறை ஏறுகிறவர்கள் அதைப் பார்த்துப் பயந்து, தட்டையடிதான் பாதுகாப்பு என்று முடிவெடுத்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கரையோரத்தில் கட்டிக்கிடக்கும்போது செய்யும் சோதனை அது. அலைக்குள் போனால் அதன் கூர் தண்ணீரை இருபுறமும் ஒதுக்கும். உயர்ந்த விளிம்பு ஆட்களை உள்ளே காக்கும். ஸ்கூகொக்கில் பாசிக்குள் கொஞ்சம் சிரமப்படும், மோட்டாரைத் தூக்கித் துடுப்புப் போடவேண்டி வரும். அவ்வளவுதான்.

ஒரே படகு வாங்கப்போகிறவர் வி வடிவத்தையே வாங்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் மனித இயல்பு. ஸ்கூகொக்குக்கு மட்டும் என்று வாங்கிய படகை யாரும் ஸ்கூகொக்கோடு நிறுத்துவதில்லை. அங்கே 2016 முதல் வோல்ஐ மீன் பிடிக்கத் தடை. சிம்கோவில் பேர்ச் அள்ளுகிறார்கள் என்று ஒரு தொலைபேசி வந்தால் போதும், அடுத்த சனிக்கிழமை ட்ரெய்லர் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆறும் குளமும் தவிர வேறெங்கும் போகமாட்டேன் என்று தன்னை நம்பக்கூடியவர் தட்டையடியை வாங்கட்டும்.

அடுத்த வாக்குவாதம், ரிவெட் ஆணி அடித்ததா, வெல்டிங் செய்ததா என்பது. அலுமினியப் படகுகளில் ரிவெட் முறை பரவியதில் விமானத் தொழிலுக்குப் பங்கு உண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக்குப் போர்விமானம் கட்டிய கிரமன் நிறுவனம், போர் முடியும் தறுவாயில் அதே அலுமினியத் தகட்டையும் ரிவெட்டையும் கொண்டு கனூ செய்யத் தொடங்கியது. மின்னசோட்டாவில் லண்ட் நிறுவனம் 1948 முதல் படகு கட்டுகிறது. அதன் பெயர் ரிவெட் படகுகளோடு சேர்ந்தே சொல்லப்படும். அதே மாநிலத்தில் தொடங்கிய கிரெஸ்ட்லைனர் வெல்டிங் பக்கம். ரிவெட் படகு காலப்போக்கில் ஆணி தளர்ந்து கசியும். ஆனால் சுத்தியலும் ஒரு உதவியாளும் இருந்தால் இறுக்கிவிடலாம். வெல்டிங் படகு கசியாது. வெடித்தால் அலுமினியம் ஒட்டத் தெரிந்த ஆளைத் தேடவேண்டும். பழைய படகு வாங்குகிறவர் இந்த வாதத்தில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. எதிரில் இருக்கும் படகின் உடல்நிலையைப் பாருங்கள்.

அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ட்ரெய்லரில் இருக்கும்போதே, பின்பக்கத் தக்கையை இறுக்கிவிட்டு, தோட்டக் குழாயால் படகுக்குள் நான்கைந்து அங்குலம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். அதிகம் விடக்கூடாது, ட்ரெய்லர் பாரம் தாங்காது. பிறகு குனிந்து அடியைப் பாருங்கள். நண்பர் ஒருவருக்காகப் போன இடத்தில் இப்படிச் செய்தோம். முதலில் எதுவும் தெரியவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்தால், நடு ஏராவை ஒட்டி வரிசையாக ரிவெட் தலைகளில் ஈரம் கோத்து, ஒவ்வொன்றாகச் சொட்டத் தொடங்கியது. விற்பவர் மறுபேச்சில்லாமல் விலையைக் குறைத்தார். நண்பர் வாங்கினார், சொட்டிய ஆணிகளை மெழுகுப் பென்சிலால் அங்கேயே வட்டமிட்டுக்கொண்டார். அவற்றை இறுக்கி, உள்பக்கம் எப்பொக்சி பூசியபின் படகு கசியவில்லை.

கசிவைவிடக் கவலைக்குரியது ட்ரான்சம் என்கிற பின்பலகை. மோட்டாரின் முழுப் பாரமும் தள்ளுவிசையும் அதன்மேல்தான். வெளியே அலுமினியம் பளபளத்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ப்ளைவுட், அது உளுத்துப்போயிருக்கலாம். மோட்டாரின் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பின்பலகையும் சேர்ந்து வளைந்தால் விட்டுவிடுங்கள், அல்லது பலகை மாற்றும் செலவைக் கழித்து விலை கேளுங்கள். மாற்றும்போது, வெளி வேலைக்கென்று செப்பு மருந்து ஏற்றிய மரத்தை வைக்கவே கூடாது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு ஓட்டை விழும். படகின் அடியில் பழைய செப்புக் காசு விழுந்து கிடந்தாலே அந்த இடம் குழிந்துபோகும்.

பின்பலகையின் உயரத்தையும் அளக்கவேண்டும். 15 அங்குலமென்றால் குட்டைத் தண்டு மோட்டார், 20 அங்குலமென்றால் நீளத் தண்டு. இது தெரியாமல் மலிவாகக் கிடைத்த மோட்டாரை வாங்கிவந்து பொருத்த முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. தெரிவு இருந்தால் 20 அங்குலம் நல்லது. பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறுவது குறையும். மோட்டார் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் படகுக்குக் கனடிய அரசின் உரிம எண் எடுக்கவேண்டும். கடைகளில் 9.9 என்ற விநோத எண்ணில் மோட்டார்கள் நிற்பதற்கு இத்தகைய பத்துக் குதிரைவலு எல்லைகள்தான் காரணம். ஆனால் ஓட்டுநர் அட்டை எந்த மோட்டாருக்கும் வேண்டும், மின்மோட்டாருக்கும்கூட.

ஆறு மீற்றர் வரையான படகுகளில் உள்பக்கம் ஒரு சிறிய தகடு இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு பாரம், எத்தனை குதிரைவலு என்று அதில் எழுதியிருக்கும். 14 அடிப் படகுகளில் பெரும்பாலும் மூன்று பேர் அல்லது நான்கு பேர். நல்ல வானிலைக்கான கணக்கு அது. நாமோ மச்சானையும் மச்சானின் மகனையும் ஏற்றி, சோற்றுச் சட்டியும் ஐஸ் பெட்டியும் வைத்துத்தான் புறப்படுவோம். அந்தத் தகடு நான்கு என்றால் மூன்று பேரோடு போங்கள்.

பெரியவர்களுக்கு உயிர்காப்பு அங்கி படகுக்குள் இருந்தாலே சட்டத்துக்குப் போதும், உயிருக்குப் போதாது. அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் ஆண்டுக் கணக்குகளில், படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அங்கி அணியாதவர்கள். மே மாதத் தண்ணீர் கையை வைத்தாலே கடுக்கும். குளிர்நீர் ஆய்வுக்குப் பெயர்பெற்ற மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு இது: விழுந்தவுடன் மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொல்வழி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். நீந்தத் தெரிந்தவரும் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு நீந்தமுடியாது. அங்கியைக் கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

2022 முதல் ஒன்ராறியோவில் படகைச் சாலையில் எடுத்துப்போகுமுன் தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடித்து, பாசியைத் துடைக்கவேண்டும் என்பது சட்டம். ஓர் ஏரியின் சிப்பியும் பாசியும் இன்னோர் ஏரிக்குப் போய்விடாதிருக்க இந்த ஏற்பாடு. கழற்றிய தக்கையை அடுத்தமுறை இறக்குமுன் மறக்காமல் பூட்டுங்கள்.

இந்த வசந்தத்திலேயே வாங்கியாகவேண்டும் என்று அவசரப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மே மாதத்தில் எல்லாரும் தேடுவார்கள், விற்பவர் விலையில் இறங்கமாட்டார். ஒக்ரோபரில் அதே படகைப் பனிக்காலம் முழுவதும் எங்கே வைப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பார். அப்போது போய்க் குழாயைக் கேட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். விலையையும் அப்போதே பேசுங்கள்.